மங்கு

ஆயுத பூஜையன்று முனீஸ் வேலை பார்க்கும் கம்பெனியில் எல்லோரையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அருள்புரத்தில் மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் பனியன் கம்பெனி. முனீஸ் அங்கே கட்டிங் மாஸ்டர். விஜயராணி அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். வாசலில் நின்று பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தவர் குமாரவேல். புதிதாகச் சேர்ந்த மேனேஜர்.

"வாங்க மாஸ்டர். அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா, ரொம்பச் சந்தோசமுங்க," என்றவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏப்பா, மாஸ்டரோட அம்மா வந்திருக்காங்க. ஃபேனுக்குக் கீழ ஒரு சேர் எடுத்துப் போடுங்க."

முனீஸ் சிரித்துவிட்டான். "இது எங்க வீட்டுக்காரம்மா சார்."

குமாரவேல் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, மன்னிச்சுக்குங்கம்மா. வெயிலுக்கு எதிர்ல பாத்தனுங்களா, சரியாத் தெரியலீங்க." மரியாதையான மனிதர். அதற்குப் பிறகு அவர் காட்டிய மரியாதையெல்லாம் அவளைக் குத்தியது. நாற்காலி வந்தது. உட்காராமல் நின்றால் இன்னும் அசிங்கமாக இருக்கும் என்று அவள் உட்கார்ந்தாள். சுற்றி நின்ற பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது முனீஸ் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான். "விடு ராணி. அந்தாளுக்குக் கண்ணாடி மாத்தணும்."

அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பூவை எடுத்துவிட்டு முகம் கழுவியவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. அன்று தன் முகத்தையும் அந்தக் கண்ணாலேயே பார்த்தாள். கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. வாயின் இரண்டு ஓரத்திலும் கோடு இறங்கியிருந்தது. கன்னம் தளர்ந்து தாடையில் வந்து நின்றது.

முனீஸ் அவளைவிட ஏழு வயது சின்னவன். அவள் ஐம்பதைத் தாண்டிவிட்டாள். அவனுக்கு உடம்பும் நல்ல வாகு, தலையில் ஒரு நரைகூட இல்லை. முப்பத்தெட்டு என்றாலும் நம்பலாம்.

அவர்கள் பழகிய காலத்தில் இந்த வித்தியாசம் யாருக்கும் பெரிதாகத் தெரிந்ததில்லை. விஜயராணி நாசரேத் பக்கம். அப்பா செத்த பிறகு திருப்பூர் வந்து, ஓவர்லாக் மெஷினில் தைத்து, இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவள். தனக்கென்று யோசிப்பதற்குள் வயது ஓடிவிட்டது. அப்போதுதான் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றிலிருந்து முனீஸ் வந்து சேர்ந்தான். அவள் மெஷினுக்கு அவன்தான் கைமடி. தைத்துத் தள்ளும் துணியை வாங்கி மடித்து, அடுத்ததை எடுத்துக் கொடுக்கிற வேலை. எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பேசியே ஒட்டிக்கொண்டார்கள். அவள் கிறிஸ்தவள், அவன் இந்து. திருப்பூரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டது அவன் அம்மா கருத்தம்மாதான்.

அவர்கள் கல்யாணம் செய்துகொண்ட செய்தி போனதும் கருத்தம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். லைன் வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் பார்க்கக் கத்தினாள். "இன்னைக்கு இவ மினுமினுன்னு இருக்கா. ஒனக்கு மீசை முத்துததுக்குள்ள இவ கெழவியாயிருவாடா. ஒங்க ரெண்டு பேரையும் பாத்து ஊரு சிரிக்கும். அன்னைக்கு நீ என்னையத் தேடி வருவ." முனீஸ் கதவைச் சாத்திவிட்டான். இருபது வருடத்துக்கு மேலாக அவன் ஊர்ப்பக்கம் போகவே இல்லை.

பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது தடவை ஐந்தாம் மாதம் வரை இருந்தது. அந்தச் சமயத்தில் அவளுடைய இரண்டு கன்னத்திலும் லேசாகப் பழுப்பு நிறத்தில் மங்கு படர்ந்தது. வயிற்றில் இருந்தது போய்விட்டது. மங்கு மட்டும் முழுதாகப் போகாமல், பவுடர் போட்டால் தெரியாத அளவுக்கு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இருவரும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள்.

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முனீஸின் தம்பி சந்தனம் போன் செய்தான். சில வருடங்களாக அம்மாவுக்குத் தெரியாமல் எப்போதாவது பேசுகிறவன்தான். இந்தத் தடவை குரலே வேறாக இருந்தது. அவன் மகள் வயதுக்கு வந்துவிட்டாளாம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வைகாசியில் மண்டபம் பிடித்துச் சடங்கு வைக்கிறார்களாம்.

"அண்ணே, அம்மாவே சொல்லிருச்சு. பெரியவனையும் அவம் பொண்டாட்டியையும் கூப்பிடுன்னு அதுவா வாயத் தொறந்து சொல்லிருச்சு. மதினியோட வந்துருண்ணே."

முனீஸ் போனைக் கீழே வைத்துவிட்டு விஜயராணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவன் அப்படி அழுது அவள் பார்த்ததே இல்லை. அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே, ஃபேனுக்குக் கீழே போட்ட நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது.

அந்த முகமூடியை அவள் போனில்தான் முதலில் பார்த்தாள். யாரோ ஒரு பெண் வெள்ளை பிளாஸ்டிக் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு சாய்ந்திருந்தாள். உள்ளுக்குள் வரிசையாகச் சிவப்பு லைட்டு எரிந்தது. வீட்டிலேயே தினமும் கொஞ்ச நேரம் மாட்டினால் போதும், சுருக்கம் குறையும், தோல் இறுகும் என்றார்கள். ஒருமுறை பார்த்த பிறகு போனைத் திறந்தாலே அந்த வீடியோக்கள்தான் வந்தன. நாற்பது வயதுக்காரிகள், ஐம்பது வயதுக்காரிகள், முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம்.

செக்கிங் டேபிளில் அவள் பக்கத்தில் நிற்பவள் தமிழ்மதி. குன்னத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண். சாப்பாட்டு நேரத்தில் விஜயராணி அவளிடம் போனைக் காட்டினாள்.

"இது நெசமாவே வேலை செய்யுமா தமிழு?"

தமிழ்மதி பார்த்தாள். "எங்க சித்தி பொண்ணு ஒருத்தி வெச்சுக்கறாங்கக்கா. மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. ஆனா அவளுக்கு வயசே இருவத்தாறுதானுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தவள், விஜயராணி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள். "வேணும்னா நான் ஆர்டர் போட்டுத் தர்றனுங்கக்கா."

பெட்டி வந்தது. அதனுள்ளிருந்த காகிதம் முழுக்கப் பொடி எழுத்தில் இங்கிலீஷ். தமிழ்மதி படத்தைப் பார்த்து எப்படி மாட்டுவது, எந்தப் பட்டனை அழுத்துவது என்று காட்டிக்கொடுத்தாள். சிவப்பு லைட்டுதான் சுருக்கத்துக்கு என்றாள். மற்றதை யாரும் படிக்கவில்லை.

வேலை முடிந்து வந்து, உலை வைப்பதற்கு முன்னால் விஜயராணி கட்டிலில் படுத்து அதை மாட்டிக்கொண்டாள். கண்ணை இறுக மூடியும் இமைக்குள் எல்லாம் சிவப்பாக இருந்தது. கன்னத்தில் இளஞ்சூடு பரவியது. குளிர்காலத்து வெயிலில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவே அணைந்துவிட்டது.

முனீஸ் வந்து செருப்பைக் கழற்றியவன் வாசலிலேயே நின்றான். "என்ன ராணி இது, வெல்டிங் பட்டறைக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

"ஊருக்குப் போறோம்ல."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகமூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்காகன்னா இதெல்லாம் வேண்டாம். நா ஒன்னையத் தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"ஒனக்காக இல்ல முனீஸ்," என்றாள். வெளியாட்கள் முன்னால் அவனைப் பேர் சொல்ல மாட்டாள். வீட்டுக்குள் கைமடிக் காலத்திலிருந்து முனீஸ்தான்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. தோல் மிருதுவானது. கண்ணோரக் கோடுகள் குறைந்திருக்கிறதா அல்லது தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் தமிழ்மதி ஒருநாள் தானாகவே, "அக்கா, மூஞ்சி பளிச்சுனு இருக்குதுங்க," என்றாள். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது விஜயராணி தலையை நிமிர்த்தி நடந்தாள். சடங்குக்கென்று மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை எடுத்தாள். அதைத் தோளில் போட்டு முனீஸிடம் காட்டினாள். கருத்தம்மா முன்னால் எப்படிப் போய் நிற்பது, முதலில் என்ன பேசுவது என்று வேலை செய்யும்போதெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். "அத்தை, நல்லாருக்கீகளா?" இதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. அதுவே போதும், முகம் மீதியைச் சொல்லட்டும் என்று நினைத்தாள்.

நாள் நெருங்க நெருங்க ஆசை கூடியது. அணைந்த லைட்டை மறுபடி அழுத்தி இன்னொரு சுற்று வைத்துக்கொண்டாள். பிறகு காலையிலும் வைத்தாள். பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, வேர்வையும் சூடுமாக, அந்த முகமூடிக்குள் படுத்துக்கிடந்தாள். முகம் எரிந்தபோது வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

முதலில் கண்டது தமிழ்மதிதான். செக்கிங் டேபிளின் டியூப்லைட்டு நேராக முகத்தில் விழும். "அக்கா, கன்னத்துல என்னமோ கருப்பாப் பட்டிருக்குதுங்க. மெஷின் ஆயிலுங்களா?"

விஜயராணி வேஸ்ட் துணியை எடுத்துத் துடைத்தாள். தமிழ்மதி பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் அழுத்தித் துடைத்தாள். "போயிருச்சா?" என்றாள்.

தமிழ்மதி அடுத்த பீஸை எடுத்து விரித்தாள்.

பழைய மங்குதான். பழுப்பாக, பவுடருக்குள் அடங்கிக் கிடந்தது இப்போது கன்ன எலும்பின் மேல் அடர்ந்து, மூக்கின் குறுக்கே பாலம்போட்டு, மேலுதடு வரை இறங்கியிருந்தது. நெற்றியிலும் ஒரு திட்டு. காப்பித்தூள் நிறம். சில நாட்களில் இன்னும் கருத்தது.

திருப்பூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனாள். அந்த அம்மா சின்ன டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இது மொதல்லயே இருந்துச்சா? மாசமா இருந்தப்ப வந்ததா?"

"ஆமா."

"கொழந்தைக்கு இப்ப என்ன வயசு?"

"தங்கலைங்க."

டாக்டரம்மா டார்ச்சை அணைத்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "அந்த லைட்டு எல்லாருக்கும் கெடுதல்னு இல்லம்மா. மங்கு இருக்கறவங்களுக்குச் சூடு ஆகாது. அடுப்புச் சூடே ஆகாதுன்னு சொல்லுவோம். நீங்க அளவுக்கு மேல வேற வெச்சிருக்கீங்க. இன்னையோட நிறுத்திருங்க. கிரீம் தர்றேன், வெயில்ல போகாதீங்க."

"வைகாசிக்குள்ள போயிருமா?"

"மாசக்கணக்குல ஆகும். முழுசாப் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து முகமூடியைப் பெட்டியில் போட்டுக் கட்டி, பரண் மேல் தள்ளினாள். கிரீமைத் தடவினாள். பவுடரைத் தடவினாள். பவுடரின் மேலும் மங்கு சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தது. வைகாசி பிறந்தது.

"நா வரல முனீஸ்," என்றாள். "நீ போயிட்டு வா."

அவன் முதலில் கெஞ்சினான். பிறகு கோபப்பட்டான். "ஒன்னைய என்ன அழகிப் போட்டிக்கா கூப்பிட்டுருக்காக? சடங்கு வீட்டுக்குக் கூப்பிட்டுருக்காக. அம்மா கூப்பிட்டுருக்கு."

"ஒங்க அம்மா அன்னைக்கு வாசல்ல நின்னு சொன்னது நடந்துருச்சுன்னு நானே போய் நின்னு காட்டணுமா?"

"அது எப்பவோ சொன்னது. அதுக்கே மறந்துருக்கும்."

"எனக்கு மறக்கல."

அவன் தனியாகப் போனான். மஞ்சள் புடவை மடிப்புக் கலையாமல் பீரோவில் இருந்தது.

திரும்பி வந்தபோது கருப்பட்டி மிட்டாயும் சேவும் கொண்டுவந்தான். அவன் பேச்சே மாறியிருந்தது. திருப்பூரில் தேய்ந்துபோன ஊர்ப்பேச்சு ஒரு வாரத்தில் திரும்ப வந்து ஒட்டியிருந்தது. அம்மா சுருங்கிப் போய்விட்டாளாம். அவன் கையைப் பிடித்தவள் விடவே இல்லையாம். மண்டபத்தில் எல்லோரிடமும், "எம் மூத்தவன் வந்துட்டான், எம் மூத்தவன் வந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

"என்னையக் கேட்டாகளா?"

"கேட்டாக. லீவு கெடைக்கலன்னு சொல்லிட்டேன்," என்றான் முனீஸ். மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரிப்பதில் கவனமாக இருந்தான்.

அதன்பிறகு ஊரிலிருந்து அடிக்கடி போன் வந்தது. பேசும்போது அவன் முன்பக்கத்து ஓனர் வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவான். இரண்டு தடவை ஊருக்கும் போய் வந்தான். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்த விஜயராணி கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிப்படி ஏறினாள். அவன் குரல் கேட்டது.

"அப்படியேதாம்மா இருக்கா. இல்ல, எந்திரிச்சு நடமாடுதா. சோறும் கொஞ்சம் போல திங்கா. வேலைக்கெல்லாம் இப்பப் போறதில்ல... டாக்டரு எதையும் வெட்ட வெளிச்சமாச் சொல்ல மாட்டேங்காரும்மா."

யாரைச் சொல்கிறான் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டபோது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேசி முடித்துத் திரும்பியவன் அவளைப் பார்த்து நின்றான்.

"யாருக்கு முனீஸ் ஒடம்பு சரியில்ல?"

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "லீவு இல்லன்னு சொன்னா மதிக்கலன்னுருவாக. அதான் ஒடம்பு சரியில்லன்னு சொன்னேன். என்ன ஒடம்புக்குன்னு கேட்டாக. ஒன்னு சொன்னா அதுக்கு மேல ஒன்னு கேக்குதாக. எங்கயோ போய் நின்னுருச்சு."

"மூஞ்சில மங்கு, அதான் வரலன்னு சொல்லிருக்கலாம்ல."

"அது யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான நீ வராம இருந்த."

அவள் படியிலிருந்து எழுந்துகொண்டாள்.

"அம்மா அழுதுச்சு ராணி," என்றான் அவன். "ஒனக்காக அழுதுச்சு. இத்தன வருசமா ஒன்னைய ஒரு நல்ல வார்த்த சொல்லாத பொம்பள. ஒம் பேரச் சொல்லிக் கோயில்ல வெளக்கு ஏத்துது. தெனமும் போன் போட்டு நீ சாப்பிட்டியான்னு கேக்குது. இதுக்கு மேல நா எப்பிடிப் போய், எல்லாம் பொய்யின்னு சொல்ல?"

துணியை எடுக்காமலேயே அவள் கீழே இறங்கினாள். கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒருத்தி தன் பேரைச் சொல்லி விளக்கு ஏற்றுகிறாள் என்பதை மனது திருட்டுத்தனமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் கருத்தம்மா இறந்துபோனாள். விடிந்ததும் செய்தி வந்தது. இந்தத் தடவை போகாமல் இருக்க வழியில்லை. கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். மதுரை தாண்டியதும் முனீஸ் ஜன்னலைப் பார்த்தபடி, "அங்க வந்து... நீ ஒன்னும் பேசிக்கிட வேண்டாம். கேட்டா, பரவால்லன்னு மட்டும் சொல்லு," என்றான். அவள் முந்தானையை இழுத்து முகத்தைப் பாதி மூடிக்கொண்டாள்.

ஊரின் முகப்பிலேயே பெண்கள் கூட்டமாக வந்தார்கள். கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். விஜயராணியின் முந்தானை நழுவி, வெயில் முகத்தில் நேராக விழுந்தது. ஒப்பாரி ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாக எழுந்தது.

"அய்யோ, மூஞ்சியெல்லாம் இப்பிடிக் கருத்துப்போச்சே. வாழ வந்தவ இப்பிடி ஆயிட்டாளே."

சந்தனத்தின் மனைவி அபிராமி ஓடிவந்து அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும், அழுது வீங்கிய முகம். "எதுக்குக்கா இந்த ஒடம்போட அலைஞ்சுக்கிட்டு வந்தீக? மெதுவா வாங்க. மெதுவா."

கருத்தம்மாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். இத்தனை வருடமாக விஜயராணி பயந்த முகம் கைக்குட்டை அளவுக்குச் சின்னதாக இருந்தது. தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். தோல் எலும்போடு ஒட்டிப்போய், சுருக்கங்கள்கூட இறங்கி, வழுவழுவென்று இருந்தது. கும்பிடலாம் என்று கையை எடுத்தாள். "அத்தை" என்று மட்டும் வந்தது.

அவளை நிற்கவிடவில்லை. வேப்பமரத்து நிழலில் நார்க்கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். யாரோ விசிறினார்கள். யாரோ வெந்நீர் ஆற்றிக் கொடுத்தார்கள். பேர் தெரியாத கிழவி ஒருத்தி அவள் காலைப் பிடித்துவிட்டாள். கிறிஸ்தவள், மூத்தவள், பிள்ளையில்லாதவள் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வீட்டு மனிதர்கள் அவளிடம் காட்டிய முதல் பிரியம் அது. அது அவளுக்குத் தேவையாகவும் இருந்தது. அந்தக் கட்டிலில் படுத்து அவள் அழுதாள். சாவுக்காக அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சாயங்காலம் நீர்மாலைக்குப் புறப்பட்டார்கள். மருமகள்கள் குடத்தில் நீர் எடுத்துவந்து மாமியாரைக் குளிப்பாட்ட வேண்டும். மூத்த மருமகள்தான் முன்னால் நடக்க வேண்டும். விஜயராணி எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள்.

"நீங்க வேண்டாம்க்கா," என்றாள் அபிராமி. "ஒங்களால முடியாது. கொடம் கனக்கும்."

"முடியும் அபிராமி."

"வழியில விழுந்து கிழுந்து வச்சீகன்னா? நா ஒருத்தியே எடுத்தாறேன்."

விஜயராணி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "எனக்கு ஒன்னுமில்லம்மா. நா நல்லாத்தான் இருக்கேன். தெனமும் வேலைக்குப் போறேன். இது நோயே இல்ல. மூஞ்சிச் சுருக்கம் போகணும்னு ஒரு லைட்டு வாங்கி வச்சேன், அதுல வந்த மங்கு. அவ்வளவுதான். அவுக ஒங்ககிட்ட வேற மாதிரிச் சொல்லிட்டாக."

அபிராமி அவளையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. விஜயராணியின் கன்னத்தை, கருத்த இடத்தை, உள்ளங்கையால் மெல்லத் தடவினாள். "தெரியும்க்கா. நீங்க இப்பிடித்தான் சொல்லுவீகன்னு மச்சான் சொன்னாக. அடுத்தவுக மனசு சங்கடப்படக்கூடாதுன்னு மறைப்பீகன்னு."

பந்தலுக்குக் கீழே முனீஸ் நின்றுகொண்டிருந்தான். இருவரையும் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். குடம் அபிராமியின் இடுப்பில் போனது.

மறுநாள் காலையில் அபிராமி அவளை உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். சிக்கு எடுத்துக்கொண்டே பேசினாள். "நீங்க எதுக்கும் கவலப்படாதீகக்கா. மச்சான நாங்க பாத்துக்கிடுதோம். அத்தை கடைசியா அதத்தான் சொல்லிச்சு. மூத்த மருமக காலத்துக்கு அப்புறம் பெரியவன் அங்க அனாதையா நிக்கக் கூடாது, காடு கெடக்கு, வீடு கெடக்கு, இங்க வந்துரணும்னு."

அவள் மனதில் கள்ளம் இல்லை. சொன்னதெல்லாம் ஆறுதலுக்காகத்தான். சீப்பு தலையில் இதமாக இறங்கியது. விஜயராணி, "சரிம்மா," என்றாள்.

கருமாதிவரை முனீஸ் இருந்தாக வேண்டும். அவளை மட்டும் பஸ் ஏற்றிவிட வந்தான். மொட்டையடித்த தலையோடு அவனும் வயதானவனாகத் தெரிந்தான்.

"அவுககிட்ட எனக்கு என்ன நோயின்னு சொல்லி வச்சுருக்க முனீஸ்? நானும் தெரிஞ்சுக்கிடணும்ல."

"ரத்தத்துல ஏதோன்னு..." மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். "நா சொல்லிருதேன் ராணி. கருமாதி முடியட்டும். எல்லாத்தையும் சொல்லிருதேன்."

சொல்லவில்லை. கருமாதி முடிந்ததும் விதைப்பு வந்துவிட்டது. மழை விழுந்த கரிசல் காத்துக் கிடக்காது, சந்தனம் ஒருத்தனால் ஆகாது என்றான். பிறகு வந்தான். இரண்டு வாரம் கட்டிங் டேபிளில் நின்றான். மறுபடி களையெடுப்பு என்று போனான். ஒரு தடவை அவளையும் கூப்பிட்டான். "நீயும் வந்துரு ராணி. கோயிலுக்கு வேண்டிக்கிட்டோம், சரியாயிருச்சுன்னு சொல்லிக்கிடலாம். எல்லாரும் சந்தோசப்படுவாக."

"சரியாகி எத்தன நாளைக்கு அவுகளுக்கு நா நல்லவளா இருப்பேன்?" என்று கேட்டாள். அவன் யோசித்தான். யோசித்ததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

தை பிறந்ததும் அவன் கம்பெனிக் கணக்கை முடித்துக்கொண்டான். மாதம் ஒருமுறை வருவேன் என்றான். வந்தான். வந்தால் அன்பாகத்தான் இருந்தான், காய்கறியும் உளுந்தும் கொண்டுவந்து போட்டான், ஒழுகின கூரையைச் சரிசெய்தான். மூன்றாம் நாள் காலையில் போனை எடுத்து ஊரில் மழை உண்டா என்று பார்ப்பான். அவள் பையை எடுத்து வைப்பாள்.

அபிராமிதான் விடாமல் வீடியோ போட்டுப் பேசுகிறாள். போன வாரமும் விஜயராணி வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டாள். திரைக்குள் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள்.

"பரவால்லக்கா. மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. மருந்து விடாமச் சாப்பிடுதீகல்ல?"

"சாப்பிடுதேன்மா."

"மச்சான் காட்டுக்குப் போயிருக்காக. பாசிப்பயறு பறிப்பு. வந்ததும் ஒங்களுக்குப் பேசச் சொல்லுதேன்."

"வேலையா இருப்பாக. மெதுவாப் பேசச் சொல்லு," என்றாள் விஜயராணி. கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. போனைப் பைக்குள் போட்டு, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு நடந்தாள்.